தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேள், தம்பி!



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலையில் ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே மகனின் ஐ.சி. நகல், பள்ளிச் சான்றிதழ், ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டிய 700 வெள்ளி. "ஐயா, பையனை நேத்து கோர்ட்டுல ஏத்திட்டாங்க. சாலா ஒத்துக்கிட்டானாம். ஜெயிலு, ரோத்தான் எல்லாம் போட்டுட்டாங்க. எப்படியாவது வெளிய எடுத்துக் குடுங்க" என்றார்.

"என்ன குற்றச்சாட்டு, அம்மா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சிறையில் போய்ப் பையனைப் பார்த்தேன். அவனுக்கும் தெரியவில்லை! "போன் எடுத்தது உண்மைதானேன்னு கேட்டாங்க சார். நான் மோட்டார் ஓட்டினேன், பின்னாடி இருந்தவன் எடுத்தான். ஆமான்னு சொன்னேன்" என்றான். அவன் ஒப்புக்கொண்டது திருட்டை அல்ல. தண்டனைச் சட்டம் 395-ஆவது பிரிவு, அதாவது கும்பல் கொள்ளை. 20 ஆண்டு வரை சிறையும் ரோத்தானும் உள்ள குற்றம்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையைப் பற்றி மட்டும்தான் மேல்முறையீடு செய்யலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305-ஆவது பிரிவு சொல்கிறது. எங்களால் தண்டனையைக் கொஞ்சம் குறைக்க முடிந்தது. கும்பல் கொள்ளைக்காரன் என்ற பெயரை அழிக்க முடியவில்லை. தீர்ப்பு முடிந்து வெளியே வந்தபோது அந்த அம்மா கேட்டார்: "அந்தத் தாள்ல என்னதான் எழுதியிருந்துச்சு, ஐயா?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்கான பதில். லாபு, சிலியாவ், லிங்கி, பகாவ், ஜெராம் பாடாங் என்று எந்தத் தோட்டத்தில் இருந்தாலும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோயிருந்தாலும், இதைப் படித்து வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

ஒரே சம்பவம், மூன்று எண்கள்

நம் தண்டனைச் சட்டம் 1860-இல் வெள்ளைக்காரன் இந்தியாவில் எழுதிய சட்டத்தின் பிள்ளை. அதனால்தான் கொலை என்றால் 302, கொலை முயற்சி என்றால் 307, ஏமாற்று என்றால் 420 என்று தமிழ்ப் படத்தில் கேட்ட எண்களே இங்கேயும் ஓடுகின்றன. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்து அந்த எண்கள் எல்லாம் மாறிவிட்டன. அங்கே 420 செத்துவிட்டது. மலேசியாவில் இன்னும் உயிரோடு இருக்கிறது!

எண்ணைப் பார்த்து "இது தெரிந்த சட்டம்தானே" என்று நினைக்காதீர்கள். எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் வேறுபாடு ஆளையே விழுங்கிவிடும். இந்தியச் சட்டத்தில் கும்பல் கொள்ளை என்றால் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். மலேசியச் சட்டத்தில் இரண்டு பேர் போதும். மோட்டாரில் முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். கும்பல் தயார்!

ஒரு கைப்பேசி பறிபோன அதே சம்பவத்தை 379 என்று எழுதினால் திருட்டு, 7 ஆண்டு வரை. 392 என்று எழுதினால் கொள்ளை, 10 ஆண்டு வரை, இரவு நேரமாக இருந்தால் 14 வரை. 395 என்று எழுதினால் 20 ஆண்டு வரை. அடிதடியும் அப்படித்தான். வெறும் கையால் அடித்துக் காயம் என்றால் 323, ஓராண்டு வரை. அதே சண்டையில் ஆபத்தான ஆயுதம் இருந்தது என்று எழுதிவிட்டால் 324, அது 10 ஆண்டு வரை போகும்.

சம்பவம் நடந்தது ஐந்து நிமிடம். பையனின் வாழ்க்கையில் எத்தனை ஆண்டு போகும் என்பதை ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதப்படும் ஓர் எண் முடிவு செய்கிறது. அந்த எண்ணை எழுதுவது யார்?

எழுதும் கை யாருடையது?

பலர் போலீஸ் என்று நினைக்கிறார்கள். சிலர் நீதிபதி என்று நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. போலீசின் விசாரணை அதிகாரி, ஐ.ஓ. என்று நாம் சொல்பவர், விசாரணைத் தாள்களை அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் அனுப்புகிறார். டி.பி.பி. என்ற அந்த அதிகாரிதான் எந்தப் பிரிவில் குற்றம் சாட்டலாம் என்று முடிவு செய்கிறார். அவருக்கு அந்த அதிகாரம் ஏ.ஜி. எனப்படும் சட்டத்துறைத் தலைவர் வழியாக வருகிறது. ஒரு வழக்கைத் தொடங்கவும், நடத்தவும், நிறுத்தவும் உள்ள அதிகாரத்தை அரசியலமைப்பின் 145(3)-ஆவது விதி சட்டத்துறைத் தலைவருக்குக் கொடுத்தது.

இந்தியாவில் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாலும், குற்றச்சாட்டை வனைவது நீதிமன்றம். அதற்கு முன்பு நீதிபதி இரு தரப்பையும் கேட்கிறார். தாள்களில் சரக்கு இல்லை என்றால் விசாரணை தொடங்கும் முன்பே ஆளை விடுவிக்கலாம். செஷன்ஸ் வழக்குகளில் முதல் நாள் கேட்டதிலிருந்து 60 நாளுக்குள் குற்றச்சாட்டை வனைய வேண்டும் என்று 2024-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்கிறது. 60 நாள் அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது கைதானவரின் உரிமை. அங்கேயும் சொர்க்கம் இல்லை. யு.ஏ.பி.ஏ. சட்டத்தில் அந்த நாள் கணக்கு 180 வரை நீள்கிறது. ஆனாலும் எழுதும் கைக்கும் ஏற்கும் கைக்கும் நடுவில் ஒரு வாசற்படி இருக்கிறது.

மலேசியாவில் அந்த வாசற்படி மிகவும் தாழ்வு. ஆதாரமில்லாத குற்றச்சாட்டு என்று தோன்றினால் நீதிமன்றம் இடையில் விடுவிக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வாசகம் உண்டு. ஆனால் முதல் நாளே இரு தரப்பையும் கேட்டு, "இந்த எண் இந்தப் பையனுக்குப் பொருந்துமா?" என்று நீதிபதி பார்க்கும் கட்டாயக் கட்டம் இல்லை. முதல் நாள் நடப்பது என்ன? பெயரைக் கூப்பிடுகிறார்கள், தாளை வாசிக்கிறார்கள், "புரிகிறதா? ஒப்புக்கொள்கிறாயா, விசாரணை கேட்கிறாயா?" என்கிறார்கள். நம் பையன் பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரரின் முகத்தைப் பார்க்கிறான்.

2007: கொலை முயற்சி, 31 பேர்

பெரிய எண்ணை எழுதிப் பிறகு சின்ன எண்ணுக்கு இறங்குவது எப்படி நடக்கும் என்பதற்கு நம் கண் முன்னால் நடந்த சான்று இருக்கிறது.

2007 நவம்பர் 25. கோலாலம்பூர் வீதியில் பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் இறங்கிய நாள். அன்று அதிகாலை பத்துமலைக் கோயில் வளாகத்தில் நடந்த கலவரத்தில் ஒரு போலீஸ்காரர் காயமடைந்தார். டிசம்பர் தொடக்கத்தில் 31 பேரை ஷா ஆலாம் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நிறுத்தி 307, கொலை முயற்சி என்று குற்றம் சாட்டினார்கள். அப்போதைய சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டாயில் நேரடியாக வந்து ஜாமீனை எதிர்த்தார். ஜாமீன் மறுக்கப்பட்டது. சில நாளிலேயே, அதே டிசம்பர் மாதத்தில், கொலை முயற்சிக் குற்றச்சாட்டு 31 பேருக்கும் மீட்டுக்கொள்ளப்பட்டது!

அந்தப் போலீஸ்காரருக்கும் ஒரு குடும்பம் உண்டு. அவரை அடித்தவன் யாரோ, அவன் பதில் சொல்லத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஒரு காயத்துக்கு 31 கொலையாளிகளா? ஒவ்வொருவரும் என்ன செய்தார், கையில் என்ன இருந்தது, எங்கே நின்றார் என்று பார்த்து எழுதிய எண்ணா அது? பார்த்துத்தான் எழுதினோம் என்றால் சில நாளில் ஏன் மீட்டார்கள்? பார்க்காமல் எழுதினோம் என்றால் அந்த நாட்களில் லோக்காப்பிலும் சிறையிலும் கிடந்தவர்களுக்கும், வாசலில் நின்ற தாய்மார்களுக்கும் யார் பதில் சொன்னார்கள்?

அதே வாரங்களில் கிள்ளானில் இன்னொன்று நடந்தது. பி.உதயகுமார், பி.வேதமூர்த்தி, வி.கணபதிராவ் மூவர் மீதும் தேச நிந்தனைக் குற்றச்சாட்டு. பேசியது தமிழில். ஆனால் தமிழில் என்ன பேசினார்கள் என்ற மூல வாசகம் குற்றச்சாட்டோடு இல்லை. நவம்பர் 26-இல் செஷன்ஸ் நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. பார்த்தீர்களா? தாளில் இருக்க வேண்டியது இல்லை என்று ஒரு வழக்கறிஞர் எழுந்து சொன்னால் தாள் நிற்காது. நம் மொழி அந்த நாளில் நமக்குக் கவசமாக நின்றது.

ஆனால் அது முழு விடுதலை அல்ல. "குற்றமற்றவர் என்ற பொருளில் அல்லாத விடுவிப்பு" என்று ஒன்று உண்டு. நடைமுறைச் சட்டம் 254-ஆவது பிரிவின்படி அரசுத் தரப்பு வழக்கை நிறுத்தினாலும், நீதிமன்றம் வேறு விதமாக உத்தரவு போட்டால் ஒழிய, அதே குற்றத்துக்கு மறுபடியும் கூப்பிடலாம். மகனை விட்டுவிட்டார்கள் என்று கோயிலில் தேங்காய் உடைக்கும் முன்பு எந்த வகை விடுவிப்பு என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். அந்த மூவரில் உதயகுமாரும் கணபதிராவும் 2007 டிசம்பர் 13-இல் வேறு மூவரோடு சேர்த்து ஐ.எஸ்.ஏ.வில் பிடிக்கப்பட்டு கமுண்டிங் போனார்கள். அங்கே குற்றச்சாட்டுத் தாளே தேவைப்படவில்லை. ஐவரில் கடைசி மூவர் வெளியே வந்தது 2009 மே மாதம்.

2019: சிரம்பான் வாசலிலேயே

ஐ.எஸ்.ஏ. 2012-இல் போனது. அதன் இடத்தில் சொஸ்மா வந்தது. ஆட்சி 2018-இல் மாறியது. கதை மாறியதா?

2019 அக்டோபர் 10, 12 ஆகிய நாள்களில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று சொல்லி 12 தமிழர்களைப் பிடித்தார்கள். அவர்களில் நம் நெகிரி செம்பிலானின் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினராக இருந்த பி.குணசேகரன் ஒருவர். மலாக்கா காடேக் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஜி.சாமிநாதன் இன்னொருவர். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே இந்தக் கதி! பயங்கரவாதக் குழுவுக்கு ஆதரவு கொடுத்தல் என்ற 130ஜே பிரிவுக்கு ஆயுள் அல்லது 30 ஆண்டு வரை சிறை. சிலருக்குப் பயங்கரவாதக் குழு தொடர்பான பொருள்களை வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு. 2009-இல் போர்க்களத்தில் முடிந்துபோன ஓர் இயக்கத்துக்காகப் பத்து ஆண்டு கழித்து இங்கே வழக்கு!

சொஸ்மாவின் 13-ஆவது பிரிவு ஜாமீன் கதவை அடைத்து வைத்திருந்தது. சாமிநாதனின் மனுவில் 2019 நவம்பர் 29-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் கஸாலி அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்புச் சொன்னார். ஜாமீன் கொடுக்கலாமா என்பதை நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும், சட்டம் அவர் கையைக் கட்டக் கூடாது என்பது அதன் சாரம். ஆனாலும் 12 பேரின் வழக்குக்கு முடிவு வந்தது 2020 பிப்ரவரி 21-இல்தான். அன்று சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் நிறுத்தினார். தண்டனை கிடைக்க நியாயமான வாய்ப்பு இல்லை என்பது காரணம்.

நிறுத்தியதற்கு அவரைப் பாராட்டலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை நான்கு மாதத்துக்கும் மேல். 2007-இல் 31 பேர், 2019-இல் 12 பேர். இரண்டு ஆட்சி, இரண்டு சட்டத்துறைத் தலைவர்கள். எழுதியபோதும் அதே அலுவலகம், அழித்தபோதும் அதே அலுவலகம். நடுவில் போன நாட்களுக்குக் கணக்குக் கேட்க ஆளில்லை.

இவர்களுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், பத்திரிகை இருந்தது, உலகம் பார்த்தது. அதனால் பெரிய எண்கள் இறங்கின. சிலியாவில் செம்பனைக் குலை திருடினான் என்று பிடிபட்ட பையனுக்கு யார் இருக்கிறார்கள்? அவனுடைய எண் இறங்குவது எப்படித் தெரியுமா? "பெரிய கேசை எடுத்துவிட்டு சின்னதாகப் போடுகிறோம், இன்றைக்கே ஒப்புக்கொள்" என்பார்கள். பெரிய எண்ணுக்கு முதலிலிருந்தே சான்று இல்லை என்றால், சின்ன எண் அவனுக்குக் கிடைத்த சலுகை அல்ல. அவன் பயத்துக்குப் போட்ட விலை!

நம் பிள்ளைகள் எல்லாரும் தங்கம் என்று நான் சொல்லவில்லை. கைப்பேசியைப் பறிகொடுத்தவரும் பல நேரம் நம் தோட்டத்துத் தாத்தாதான். கத்தியால் வெட்டுப்பட்டவனும் தமிழன்தான். செய்ததற்குத் தண்டனை உண்டு. செய்யாததற்குச் சேர்த்து எழுதக் கூடாது. இதுதான் என் வாதம் முழுவதும்.

வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்

1. பிடிபட்டவுடன் எதற்காகப் பிடிக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். குடும்பத்தாருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல உரிமை உண்டு. நடைமுறைச் சட்டம் 28ஏ. போலீஸ் இதை மறுக்கச் சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் கேட்காதவனுக்கு விதியே தேவைப்படாது.

2. 24 மணி நேரத்துக்குள் மேஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். ரிமாண்டு கேட்டால் 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றத்துக்கு முதலில் 4 நாள், பிறகு 3 நாள். 14 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 7 நாள், மறுபடி 7 நாள். எந்த எண் எழுதுகிறார்கள் என்பது இங்கேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. சொஸ்மா வழக்கு என்றால் இந்தக் கணக்கு இல்லை. உடனே வழக்கறிஞரைத் தேடுங்கள்.

3. போலீஸ் வாக்குமூலம் எடுக்கும்போது தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். மரியாதையாகச் சொல்லலாம்: "கோர்ட்டில் சொல்கிறேன்."

4. குற்றச்சாட்டுத் தாளில் நான்கு விஷயம் பாருங்கள். எந்தப் பிரிவு? எந்த நாள், எத்தனை மணி? எந்த இடம்? யாருக்கு எதிராக அல்லது எந்தப் பொருள்? ஒன்று தவறாக இருந்தாலும் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். சின்னப் பிழையால் தாள் செத்துவிடாது, தீர்ப்புக்கு முன்பு வரை நீதிமன்றம் குற்றச்சாட்டைத் திருத்தலாம். ஆனால் திருத்தினால் மறுபடி வாசித்து விளக்க வேண்டும், மறுபடி பதில் கேட்க வேண்டும்.

5. மலாய் சட்டமொழி புரியவில்லை என்றால் "புரியவில்லை, தமிழில் வேண்டும்" என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம். ஒப்புக்கொள்ளும் ஒருவர் அதன் பொருளையும் விளைவையும் புரிந்துதான் ஒப்புக்கொள்கிறாரா என்று உறுதி செய்வது நீதிமன்றத்தின் கடமை. தலையாட்டுவது புரிதல் ஆகாது.

6. முதல் நாளே ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. விசாரணை கேளுங்கள். விசாரணை தொடங்கும் முன்பு புகார் அறிக்கையின் நகலையும், அரசுத் தரப்பு காட்டப் போகும் ஆவணங்களையும் கொடுக்க வேண்டும் என்று 51ஏ சொல்கிறது. அதைப் பார்த்த பிறகு ஒப்புக்கொள்வதா என்று யோசிக்கலாம்.

7. குற்றச்சாட்டைக் குறைக்கச் சொல்லியோ மீட்கச் சொல்லியோ டி.பி.பி. அலுவலகத்துக்கு எழுதலாம். ரெப்ரசெந்தாசி என்று சொல்வார்கள். வேலை, வயது, பறிபோன பொருளின் மதிப்பு, புகார் கொடுத்தவரோடு சமரசம், எல்லாவற்றையும் எழுதலாம். பெரிய இடத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதாத வழக்கறிஞர் இல்லை. நம் பிள்ளைகளுக்காகத்தான் யாரும் எழுதுவதில்லை.

8. பணம் இல்லை என்பது காரணம் ஆகக் கூடாது. 2012 முதல் தேசிய சட்ட உதவி அறவாரியம், ஒய்.பி.ஜி.கே., மலேசியக் குடிமக்களுக்குக் கைது, ரிமாண்டு, ஜாமீன் கட்டங்களில் இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. நீல ஐ.சி. இல்லாத நம் தோட்டப் பிள்ளைகள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடுங்கள். சிரம்பானிலும் மையம் உண்டு. வட்டிக்காரனிடம் போகும் முன்பு அங்கே போங்கள்.

நாம் கேட்பது

கருணை கேட்கவில்லை. மூன்று விஷயம் கேட்கிறோம்.

ஒன்று: 2007-இலும் 2019-இலும் அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசனை சொன்னவரும், நம் பிள்ளைகள் மீது எண்ணை எழுதியவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு வேலையும் இரண்டு ஆளிடம், ஒருவருக்கொருவர் கட்டுப்படாமல், இருக்க வேண்டும். பெயர்ப் பலகையை மட்டும் மாற்றினால் போதாது.

இரண்டு: கனமான குற்றச்சாட்டு எழுதிப் பிறகு மீட்டால், ஏன் எழுதினோம், ஏன் மீட்டோம் என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். நீதிபதி காரணம் எழுதுகிறார். ஒரு மனிதனை உள்ளே வைக்கும் முடிவை எடுப்பவர் ஏன் எழுதக் கூடாது?

மூன்று: வழக்கறிஞரோடு பேசாத எவரிடமிருந்தும் சிறைத் தண்டனை உள்ள குற்றத்துக்கு முதல் நாள் ஒப்புதலை நீதிமன்றம் ஏற்கக் கூடாது. ஒரு வாரம் தள்ளி வைத்தால் வானம் இடிந்து விழாது. தள்ளி வைக்காததால் இடிந்து விழுந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் நடக்கும்வரை காத்திருக்க முடியாது. ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு தாமானிலும் ஓர் ஆள் வேண்டும். கோயில் கமிட்டியிலோ, தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கத்திலோ, இளைஞர் மன்றத்திலோ யாராவது ஒருவர். பையன் பிடிபட்டான் என்று கேட்டவுடன் போன் எடுத்து, "எந்த ஸ்டேஷன்? எந்தப் பிரிவு? எத்தனை நாள் ரிமாண்டு?" என்று மூன்று கேள்வி கேட்கத் தெரிந்த ஆள். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. பயப்படாமல் கேட்டால் போதும்.

அந்த ரந்தாவ் அம்மா கேட்ட கேள்விக்கு அன்று நான் அந்தத் தாளைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். நாள், நேரம், இடம், பிரிவு என்று வரிவரியாகக் கேட்டார். கடைசியில், "இத முன்னாடியே யாராச்சும் படிச்சுக் காட்டியிருந்தா, அவன் ஆமான்னு சொல்லியிருக்க மாட்டான் ஐயா" என்றார்.

இனி ஒரு தாயும் அதைத் தீர்ப்புக்குப் பிறகு கேட்கக் கூடாது. முன்னாடியே கேட்போம்.